மூமின் பள்ளத்தாக்கைப் பிள்ளைகளோடு தமிழில் பார்ப்பது எப்படி: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குளிர்காலம் முழுவதும் உறங்கி இளவேனிலில் கண்விழிக்கும், வெள்ளை நிறமும் உருண்டை உடலும் பெரிய மூக்கும் கொண்ட ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் தொடர், 1990 ஏப்ரல் 12 அன்று ஜப்பானின் டிவி டோக்கியோ அலைவரிசையில் தொடங்கியது. பின்லாந்தின் ஓவியரும் எழுத்தாளருமான டோவே யான்சன் எழுதிய மூமின் கதைகளே அதற்கு அடிப்படை. முதல் தொடர் 78 அங்கங்களுடன் 1991 அக்டோபரில் நிறைவுற்றது. அதைத் தொடர்ந்து வந்த இரண்டாம் தொடர் 26 அங்கங்களுடன் 1992 மார்ச் வரை ஓடியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல நாடுகளின் பிள்ளைகள் இன்றும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களையும், தமிழ்ப்பள்ளியில் கீழ்நிலை வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். கைப்பேசியில் ஓடவிட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடும் தொடர் இதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, ஆங்கிலக் குரல்பதிவு ஓடிக்கொண்டிருந்தாலும் தம் வீட்டுத் தமிழில் கதையைப் பேசிக்கொண்டே பார்க்கும்போதுதான் இதன் அருமை பிள்ளைக்கு முழுமையாகக் கிட்டும். அதற்கு இத்தொடரின் நடையே இடம் கொடுக்கிறது: காட்சிகள் விரைந்து ஓடுவதில்லை; ஆற்றங்கரையில் மீன் பிடிப்பதும், முற்றத்தில் காலை உணவு உண்பதும், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் கதையின் பகுதிகளாகவே வருகின்றன. அந்த இடைவெளிகளில் நாம் பேசலாம்.

முதலில், எந்தத் தொடர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

மூமின் கதைகளைப் பலர் பல காலத்தில் படமாக்கியிருப்பதால், தேடும்போது குழப்பம் வருவது இயல்பு. 1969-லும் 1972-லும் ஜப்பானில் இரண்டு தொடர்கள் வந்தன. முதல் தொடர் தம் கதைகளின் இயல்பிலிருந்து விலகிச் சென்றதால் யான்சனுக்கு அது நிறைவளிக்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் போலந்தில் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்த தொடர் ஒன்று உருவானது. அழகானதுதான் என்றாலும் அதன் இருண்ட தோற்றம் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதென்று நான் நினைக்கவில்லை. 2019-இல் வெளிவரத் தொடங்கிய புதிய தொடர் கணினி வரைகலையில் அமைந்தது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் அதையும் பார்க்கலாம்.

இவ்வழிகாட்டி 1990-ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றியது. பின்லாந்துத் தயாரிப்பாளர் டென்னிஸ் லிவ்சன் முன்னின்று நடத்திய அம்முயற்சியில் யான்சனும் அவருடைய தம்பி லார்ஸ் யான்சனும் பங்கேற்றனர். இயக்கியவர் ஹிரோஷி சைட்டோ. கையால் வரையப்பட்ட படங்கள், நீல நிற உருளை வடிவ வீடு, அதன்மேல் கூம்பு வடிவக் கூரை ஆகியவற்றைக் கண்டால் சரியான தொடரைத்தான் திறந்திருக்கிறீர்கள். யாரோ துண்டு துண்டாக வெட்டிப் பதிவேற்றிய காணொலிகளைத் தவிர்த்து, முறையான உரிமையோடு கிடைக்கும் பதிவையே தேடுங்கள். வெட்டப்பட்ட காணொலிகளில் முதலில் காணாமற்போவன அமைதியான காட்சிகள்தாம். நமக்கு வேண்டியவையோ அவையே.

பிள்ளைக்கு முன் நீங்கள் அந்தக் குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள்

பாத்திரங்களின் பெயர்களை நம் வாய்க்கு இசைவாகச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. மூமின் அம்மா, மூமின் அப்பா என்றே சொல்லுங்கள், மகன் மூமின்ட்ரோல். அவர்களைச் சுற்றி நண்பர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது: பயந்த சுபாவமும் பளபளப்பான பொருள்கள்மேல் ஆசையும் கொண்ட ஸ்னிஃப், நெற்றியில் முடி விழும் ஸ்னோர்க் மெய்டன், அவளுடைய அண்ணன் ஸ்னோர்க், செடிகொடிகளையும் தபால்தலைகளையும் சேகரிக்கும் ஹெமுலன்கள். இவர்களை முதற்காட்சியிலேயே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். நால்வரைப் பற்றி மட்டும் நீங்கள் சற்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாமவர் மூமின் அம்மா. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சமையல் மேலாடையும் கறுப்புக் கைப்பையும் அவருக்கு அடையாளம். வீட்டுக்கு யார் வந்தாலும், எத்தனை பேர் வந்தாலும், எவ்வளவு நாள் தங்கினாலும் அவர் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. படுக்கை ஒன்றை விரித்து, மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கிறார். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பழகிய நம் வீடுகளுக்கு இவர் அந்நியர் அல்லர். இத்தொடரின் அச்சு அவரே என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டால், எந்த அங்கத்திலும் எதைப் பற்றிப் பேசுவது என்று நீங்கள் தேட வேண்டியிராது.

இரண்டாமவள் லிட்டில் மை. உள்ளங்கை உயரமே உள்ள அச்சிறுமி, மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். கோபத்தையும் மகிழ்ச்சியையும் மறைக்கமாட்டாள். சில பெற்றோர் அவளைத் துடுக்குக்காரி என்று கருதித் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. அவள் பொய் சொல்வதில்லை, யாருக்கும் அஞ்சுவதில்லை, ஆபத்தில் நண்பர்களை விட்டு ஓடுவதில்லை. அடக்கமாக இரு என்று ஓயாமல் கேட்டு வளரும் பெண் பிள்ளைகள் அவளிடம் கொள்ளும் அன்பைத் தடுக்காதீர்கள்.

மூன்றாமவன் ஸ்னஃப்கின். பச்சைத் தொப்பியும் ஹார்மோனிக்காவும் ஒரு கூடாரமும் மட்டுமே அவனுடைய உடைமைகள். இலையுதிர்காலத்தின் முடிவில் தெற்கு நோக்கிப் போய்விடுவான். இளவேனிலில் திரும்பி வருவான். பிரிவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அவனைச் சுற்றியே எழும். தந்தையோ தாயோ சிங்கப்பூரில் வேலை செய்து விடுமுறைக்கு மட்டும் வீடு வரும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு பார்க்கும்போது அவன் புறப்படும் காட்சியை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

நான்காவது க்ரோக். அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

பருவங்களை முதலிலேயே விளக்கிவிடுங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். பிள்ளையின் புரிதல் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு, ஏழரைக்குள் விடிகிறது. மாலை ஏழு, ஏழரைக்குள் இருட்டுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு அரைமணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. யான்சன் பிறந்து வளர்ந்த ஹெல்சின்கியோ 60 பாகையில் இருக்கிறது. அங்கே ஜூன் மாத நடுவில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. டிசம்பர் மாத நடுவில் 6 மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை அறியாத பிள்ளைக்கு மூமின் குடும்பம் நவம்பரில் வயிறு நிறைய ஊசியிலைகளைத் தின்றுவிட்டுப் படுத்து ஏப்ரலில் எழுவது வெறும் வேடிக்கையாகத் தெரியும். அறிந்த பிள்ளைக்கோ, வெளிச்சமே இல்லாத மாதங்களை ஓர் உயிர் எவ்வாறு கடக்கிறது என்ற கதையாகத் தெரியும். அதேபோல, முதல் அங்கத்தில் எல்லாரும் ஏன் அவ்வளவு குதூகலிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

விளக்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. ஒரு சாத்துக்குடியும் கைவிளக்கும் போதும். சாத்துக்குடியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, மேல்முனைக்கு அருகே ஒரு மிளகையும் நடுவில் ஒரு மிளகையும் அழுத்திவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுச் சுழற்றிக் காட்டுங்கள். நடுவில் இருக்கும் மிளகு ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் வெளிச்சத்திலும் பாதி நேரம் இருளிலும் இருக்கும். மேலே இருக்கும் மிளகோ, சாய்வு விளக்கை நோக்கி இருந்தால் வெளிச்சத்திலேயே நிலைத்திருக்கும், விலகி இருந்தால் இருளிலேயே கிடக்கும். ஏழு வயதுப் பிள்ளை இதை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். பனியைப் பொறுத்தவரை, ஐஸ் காச்சாங் கடையில் துருவி விழும் ஐஸை ஒரு கிண்ணத்தில் வாங்கி, இனிப்புப் பாகு ஊற்றுவதற்கு முன் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்திய இடம் குழிவதையும் விரல் மரத்துப் போவதையும் உணர்ந்த பிள்ளைக்கு, பனியில் பதியும் காலடிகளைத் திரையில் பார்க்கும்போது விளக்கம் தேவைப்படாது.

முதல் இரண்டு அங்கங்களைப் பார்க்கும் முறை

ஒரு நாளைக்கு ஓர் அங்கம் போதும். இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்ததைப் போடச் சொல்லிப் பிள்ளை கேட்டாலும் மறுநாளைக்கு வைத்திருங்கள், ஏனென்றால் இடையிலுள்ள அந்த ஒரு நாளில்தான் பிள்ளை கதையைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறது. முதல் அங்கத்திலிருந்தே தொடங்குங்கள். குளிர்கால உறக்கத்திலிருந்து குடும்பம் விழித்தெழுவதும், நண்பர்கள் மலையுச்சியில் ஒரு கறுப்புத் தொப்பியைக் கண்டெடுப்பதும் அதில் வருகின்றன. அது மந்திரவாதி ஒருவரின் தொப்பி. அதற்குள் விழும் எதுவும் வேறொன்றாக மாறிவிடும். முட்டை ஓடுகள் மேகங்களாகின்றன. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறிப் பறக்கிறார்கள்.

நான் பரிந்துரைக்கும் முறை மூன்று சுற்றுகள் கொண்டது. முதற்சுற்றில் அங்கத்தை ஒலியோடு முழுமையாகப் பாருங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். பிள்ளை கேட்டால் மட்டும் தமிழில் சுருக்கமாகச் சொல்லுங்கள். மறுநாள் இரண்டாம் சுற்றில், முக்கியமான ஐந்தாறு நிமிடப் பகுதியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, பாத்திரங்களுக்கு நீங்களே குரல் கொடுங்கள். வானொலி நாடகத்தில் நடிப்பதுபோல் குரலை மாற்றத் தேவையில்லை. பாட்டி கதை சொல்லும் நிதானம் இருந்தால் போதும். எழுத்துத் தமிழும் வேண்டா. வீட்டில் பேசும் தமிழையே பயன்படுத்துங்கள். மூன்றாம் சுற்றில் அதே பகுதிக்குப் பிள்ளை குரல் கொடுக்கட்டும். இடையில் மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தாதீர்கள். கதை முடிந்த பிறகு, நீங்கள் பேசும்போது அதே இடத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துப் பேசினால் பிள்ளை தானாக எடுத்துக்கொள்ளும்.

எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் தொப்பிக் கதையே நல்ல எடுத்துக்காட்டு. ஒளிந்து விளையாடும்போது மூமின்ட்ரோல் அந்தத் தொப்பிக்குள் ஒளிந்துகொள்கிறான். வெளியே வரும்போது மெலிந்த கைகால்களும் பெரிய காதுகளுமாக அடியோடு உருமாறியிருக்கிறான். நண்பர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. நான்தான் என்று அவன் சொல்லச் சொல்ல அவர்கள் ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். கடைசியில் மூமின் அம்மா அவனுடைய கண்களை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இவன் என் மகன்தான் என்று சொல்கிறார். அந்தச் சொல்லோடு மந்திரம் கலைந்துவிடுகிறது.

சனிக்கிழமை மாலைகளில் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் உள்ள பிள்ளைகள் சிலரோடு இத்தொடரைப் பார்ப்பது என் வழக்கம். அம்மா உற்றுப் பார்க்கும் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி, "அத்தை, எல்லாரும் உடம்பப் பாத்தாங்க, அம்மா மட்டும்தான் கண்ணப் பாத்தாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் எழுந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணை மட்டும் பார்த்தால் யாரென்று தெரிகிறதா என்று சோதித்தான். பிறகு ஆளுக்கு ஆள் துப்பட்டாவால் முகத்தை மூடிக் கண்ணை மட்டும் காட்டி அந்த விளையாட்டை வெகுநேரம் ஆடினார்கள். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. படத்தை எங்கே நிறுத்துவது என்பதை அறிந்திருப்பதே பெரியவரின் வேலையில் பெரும்பகுதி. இந்தக் கதையிலிருந்து என்ன கற்றாய் என்று கேட்பது அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

அச்சம் தரும் அங்கங்களை எதிர்கொள்ளுதல்

பழைய கார்ட்டூன் என்பதால் அச்சமூட்டும் எதுவும் இராது என்று எண்ணிவிட வேண்டா. க்ரோக் என்னும் சாம்பல் நிறப் பேருருவம் வரும்போது அது நிற்கும் தரை உறைந்துவிடுகிறது, இசையும் மாறிவிடுகிறது. பின்லாந்தில் வளர்ந்தவர்கள்கூடச் சிறுவயதில் இதைக் கண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்ததாக நினைவுகூர்வதுண்டு. ஆகவே க்ரோக் வரும் அங்கத்தை இரவு படுக்கப்போகும் நேரத்தில் போடாமல், பகலில், சாளரத் திரைகள் விலகியிருக்கும்போது பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிவையுங்கள்.

ஆனால் அதைப் பேய் என்றோ பூதம் என்றோ சொல்லி முடித்துவிடாதீர்கள். யான்சனின் நூல்களில் க்ரோக் தீயதன்று. அது தனிமையில் வாடுவது. வெப்பத்தைத் தேடி நெருப்பை நோக்கி வருகிறது; அதன்மேல் அமர்ந்தவுடன் நெருப்பே அணைந்துவிடுகிறது. 1965-இல் வெளிவந்த நூலில் மூமின்ட்ரோல் இரவுதோறும் விளக்கோடு கடற்கரைக்குப் போய் அதற்கு வெளிச்சம் காட்டுகிறான். "அதுக்குக் குளிருது, யாரும் பக்கத்துல வரமாட்டேங்குறாங்க" என்று ஒரே வரியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், பிள்ளையின் பார்வை மாறிவிடும். அச்சம் முற்றிலும் நீங்கிவிடாது, நீங்கவும் வேண்டியதில்லை. அச்சத்தோடு இரக்கமும் சேர்ந்துகொள்வதே யான்சன் விரும்பியது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

குளிர்ப்பெண்மணி வரும் பனிக்காலக் கதைகளையும், வால்மீன் பூமியை நோக்கி வரும் கதையையும் நீங்கள் முதலில் தனியே பார்த்துவிடுவது நல்லது. 1957-இல் வந்த நூலில் அழகிய வாலுடைய அணில் ஒன்று குளிர்ப்பெண்மணியின் பார்வை பட்டு உறைந்துபோகிறது. குழந்தை இலக்கியத்தில் இறப்பை இவ்வளவு நேர்மையாகவும் மென்மையாகவும் கையாண்ட இடங்கள் குறைவு. வீட்டில் அண்மையில் ஓர் இழப்பு நேர்ந்திருந்தால் இக்கதைகளைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூமின்களின் முதல் நூலே பெருவெள்ளத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுதத் தொடங்கப்பட்டு 1945-இல் வெளிவந்த அக்கதையில், மூமின் அம்மாவும் மகனும் காணாமற்போன அப்பாவைத் தேடி அலைகிறார்கள். வீடிழந்தவர்கள் நாடெங்கும் இருந்த ஆண்டு அது. வெள்ளமும் புயலும் இக்கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் ஏறியதைப் பார்த்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்; தண்ணீர் ஏறும் காட்சியில் அப்படிப்பட்ட பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், படத்தை நிறுத்திவிட்டு அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுங்கள். அன்று தொடரைவிட அப்பேச்சே முக்கியம்.

இடிமழை நாளுக்கென்று ஒரு கதையை வைத்திருங்கள்

கோலாலம்பூரில் வாழும் நமக்கு, பின்லாந்துப் பிள்ளைகளுக்கே கிட்டாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஹட்டிஃபட்டனர்கள் என்னும் உயிர்கள் இத்தொடரில் வருகின்றன: வெள்ளைத் தண்டு போன்ற உடல், வட்டக் கண்கள், வாயும் பேச்சும் இல்லை. விதையிலிருந்து முளைக்கும் அவை, கூட்டம் கூட்டமாகச் சிறு படகுகளில் கடலில் அலைகின்றன. இடிமின்னல் வரும் இடத்தைத் தேடிப் போகின்றன. மின்சாரம் பாய்ந்தால்தான் அவற்றுக்கு உயிர்ப்பு வருகிறது. 1948-ஆம் ஆண்டு நூலில் அவை ஒரு தனித்தீவில் கூடி, கம்பத்தில் தொங்கும் காற்றழுத்தமானியை வணங்கி நிற்பதை ஹெமுலன் கண்டு, அக்கருவியை எடுத்துவிடுகிறான். அதனால் அவை சினந்து குடும்பத்தினரின் கூடாரத்தைச் சூழ்ந்துகொள்கின்றன.

உலகிலேயே மின்னல் மிகுதியாக விழும் பகுதிகளில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் கறுத்து, இடி சாளரக் கண்ணாடியை அதிரவைப்பது நமக்குப் பழகிய ஒன்று. அப்படிப்பட்ட மாலையில் தொலைக்காட்சியைப் போட வேண்டா; மின் இணைப்பைக் கழற்றிவைப்பதே பாதுகாப்பு. மாறாக, முந்தைய வாரம் பார்த்த ஹட்டிஃபட்டனர் கதையை அந்த இருட்டில் வாயால் திரும்பச் சொல்லுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே பிள்ளை எண்ணட்டும்; மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் அவை எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லட்டும். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் கடக்கிறது என்ற அறிவியலும் அதோடு சேர்ந்துவிடும். இடிக்கு அஞ்சும் பிள்ளைக்கு எண்ணுவதற்கு ஒரு வேலை இருந்தால் அச்சம் கட்டுக்குள் நிற்கும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காணாமற்போன சிறுமியின் கதையை ஆசிரியர்கள் தவறவிடக் கூடாது

1962-இல் வெளிவந்த சிறுகதைத் தொகுப்பில் நின்னி என்னும் சிறுமி வருகிறாள். தொடரிலும் இக்கதைக்கு ஓர் அங்கம் உண்டு. அவளை வளர்த்த பெண்மணி அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. குத்தலாகவும் ஏளனமாகவும் மட்டுமே பேசிவந்தாள். கேட்டுக் கேட்டு அச்சிறுமி வெளிறி, ஒரு நாள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறாள். அவள் இருக்குமிடத்தை அறிய அவள் கழுத்தில் ஒரு சிறுமணி மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. மூமின் வீட்டில் அவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை. மூமின் அம்மா தம் பாட்டியின் மருந்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்து மருந்து கலக்குகிறார். இளஞ்சிவப்பு ஆடை தைத்துத் தருகிறார். முதலில் பாதங்கள் தெரிகின்றன, பிறகு கால்கள், ஆடை, கைகள். முகம் மட்டும் தெரியவில்லை. விளையாட்டாக மூமின் அம்மாவைக் கடலுக்குள் தள்ளப்போவதுபோல் மூமின் அப்பா பாவனை செய்யும்போது, நின்னி வெகுண்டு பாய்ந்து அவருடைய வாலைக் கடித்துவிடுகிறாள்; அந்த நொடியில் அவள் முகம் தோன்றுகிறது.

அன்பு அவளுக்கு உடலைத் திருப்பித் தந்தது. கோபம் முகத்தைத் தந்தது. பிள்ளைகளின் மனத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கறுப்பி, குண்டு, மக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கத்துக்கும் குறைவில்லை. இந்த அங்கத்தைப் பார்க்கும்போது பெரியவர்கள் கேட்பவர்களாக இருக்க வேண்டும். படம் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தான் பாதி மறைந்துபோன நாள் ஒன்றை வரையச் சொல்லுங்கள். வகுப்பில் செய்தால் படங்களைச் சுவரில் ஒட்டாதீர்கள். அவற்றை ஆசிரியர் மட்டும் பார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். வரைய மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். ஆனால் அப்பிள்ளையை அடுத்த சில வாரங்கள் கவனித்துவாருங்கள்.

திரையை விட்டு வெளியே போங்கள்

நான்கைந்து வாரங்கள் பார்த்த பிறகு ஒரு விடுமுறை நாளில் வெளியே அழைத்துச் செல்லுங்கள். பெர்டானா தாவரவியல் பூங்காவில் ஹெமுலனைப்போல ஒரு குறிப்பேட்டோடு நடந்து, உதிர்ந்து கிடக்கும் இலைகளை மட்டும் பொறுக்கி, நாளிதழுக்கிடையே வைத்து அழுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் தமிழ்ப் பெயரை எழுதிவைக்கலாம். பெயர் தெரியாதவற்றுக்குப் பிள்ளையே பெயர் சூட்டட்டும். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் போவதாக இருந்தால், காலையிலேயே போய், கபூர் மரங்களுக்கு அடியில் நின்று தலையை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் உச்சி மற்றொன்றின் உச்சியைத் தொடாமல் விலகி நிற்பதால், வானம் வெளிச்சக் கோடுகளாய்ப் பிரிந்து தெரியும். மந்திரத் தொப்பி இல்லாமலேயே காடு இப்படியும் இருக்கிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணும்.

உணவும் கதையின் ஒரு பகுதிதான். மூமின் அம்மாவின் மேசையில் பேன்கேக்கும் பழப்பாகும் காப்பியும் மாறாமல் இருக்கும். வீட்டில் இனிப்புத் தோசை வார்த்து, அதன்மேல் அன்னாசி ஜாம் தடவிக் கொடுத்தால் பிள்ளைகள் அதையே மூமின் உணவு என்று ஏற்றுக்கொள்வார்கள்.

நூல்களுக்குப் போகும் வேளை

தொடரின் பெரும்பகுதியைப் பார்த்து முடித்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மூலநூல்களை அறிமுகப்படுத்தலாம். மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்துள்ள கோலாலம்பூர் நூலகத்திலும், பழைய புத்தகக் கடைகளிலும் ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் தொப்பிக் கதையிலிருந்து தொடங்குவதே நல்லது. பிள்ளைக்குக் கதை முன்பே தெரியுமாதலால், நீங்கள் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் வாசித்துக்காட்டும்போது தடுமாறினாலும் பிள்ளையே எடுத்துக்கொடுக்கும். 1965, 1970 ஆகிய ஆண்டுகளில் வந்த கடைசி இரு நாவல்கள் பெரியவர்களுக்குரியவை. அவற்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது யான்சனைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் 1914-இல் ஹெல்சின்கியில் பிறந்தார். தந்தை சிற்பி, தாய் ஓவியர். பின்லாந்தில் பெரும்பான்மையோர் பேசுவது பின்னிய மொழி. யான்சனின் தாய்மொழியோ ஸ்வீடிஷ். இன்று அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்தச் சிறு கூட்டத்தின் மொழியிலேயே அவர் மூமின் கதைகள் அனைத்தையும் எழுதினார். 1966-இல் குழந்தை இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதைப் பெற்றார். ஜப்பான்வரை போய்ச் சேர்ந்தது அந்த மொழியில் பிறந்த கதைதான். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்கும் வயதுக்கு வரும்போது, இந்தத் தகவல் அதன் கையில் இருக்கட்டும்.

வீட்டில் தம்பியோ தங்கையோ ஐந்து வயதை எட்டியதும் முதல் அங்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். இந்த முறை குரல் கொடுக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விட்டுவிட்டு, நீங்கள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். க்ரோக் வரும் அங்கத்துக்கு மட்டும் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.